நானோ கேப்ஸ்யூல் செய்திகள்: எண்ணெய்க்குள் எவ்வளவு மருந்து?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மஞ்சளிலுள்ள குர்குமினைப் பாலிமர் பூசிய நானோ கேப்ஸ்யூலுக்குள் அடைத்தார்கள், புற்றுநோய்ச் செல்கள் இறந்தன என்ற வகைச் செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அந்தச் சோதனை பெரும்பாலும் உண்மையாகவே நடந்திருக்கும். செய்தியில் விடுபடுவது எண்கள்தாம்: கேப்ஸ்யூலுக்குள் எத்தனை மில்லிகிராம் மருந்து, அதைச் சுமக்க எவ்வளவு எண்ணெயும் பாலிமரும், எதோடு ஒப்பிட்டார்கள், ரத்தத்தில் கலந்த பிறகு மருந்து உள்ளேயே நிற்குமா. இவை இல்லாமல் அச்சாகும் செய்தியைப் படித்துவிட்டு, கீமோ எடுக்கும் நோயாளியின் வீட்டார் 'நானோ குர்குமின்' மாத்திரை தேடிக் கடைக்குப் போகிறார்கள். அந்த எண்கள் ஏன் வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் கணக்கை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

எண்ணெயில் கரைந்து தண்ணீரில் கரையாத மருந்தை நரம்பில் ஏற்றுவது பழைய தலைவலி. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பேக்லிடாக்சல் 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரிமோஃபோர் என்ற பொருளையும் ஆல்கஹாலையும்தான் பயன்படுத்தினார்கள். ஒரு மி.லி. மருந்தில் 6 மி.கி. பேக்லிடாக்சல்; கிரிமோஃபோர் 527 மி.கி. உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு, சதுர மீட்டருக்கு 175 மி.கி. வீதம் 280 மி.கி. கொடுத்தால், கூடவே ஏறக்குறைய 25 கிராம் கிரிமோஃபோரும் ரத்தத்தில் இறங்குகிறது. மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு போன்ற கடும் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அதுதான். அதனால்தான் இன்றும் பேக்லிடாக்சல் ஏற்றுமுன் டெக்சாமெத்தசோனும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகளும் போடுகிறார்கள், சாதாரண பி.வி.சி. குழாயை ஒதுக்குகிறார்கள், ஏனென்றால் கிரிமோஃபோர் குழாயின் பிளாஸ்டிக் மென்மையாக்கியைக் கரைத்து எடுத்துவிடும். மருந்தைச் சுமக்கும் பொருளே தீங்கு செய்யலாம் என்ற இந்தப் பாடத்திலிருந்துதான் நானோ கேப்ஸ்யூல் ஆராய்ச்சியின் பெரும்பகுதி கிளம்பியது.

குர்குமினுக்கு இந்தச் சிக்கலோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. ஒன்று, அது நிலையற்றது. 37 டிகிரி வெப்பத்தில், ரத்தத்தின் காரநிலைக்கு நெருக்கமான, புரதம் சேர்க்காத கரைசலில் அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. மற்றொன்று, வாய் வழியாகப் போனால் குடலும் ஈரலும் அதை உடனே வேறு சேர்மமாக மாற்றிவிடுகின்றன. தைவானில் 2001-ல் வெளியான மனிதச் சோதனையில் நாளொன்றுக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்ச அளவே சராசரியாக 1.77 மைக்ரோமோலார்தான். ஆய்வகத் தட்டில் செல்களைக் கொல்ல வழக்கமாகத் தேவைப்படுவது 10 முதல் 50 மைக்ரோமோலார். ஹூஸ்டனில் கணையப் புற்றுநோயாளிகளுக்கு 8 கிராம் கொடுத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். 25 பேர் சேர்ந்தார்கள், 21 பேரின் முடிவுகளை மதிப்பிட முடிந்தது. அவர்களில் ஒருவருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது, அதுவும் சிறிது காலம்தான். தட்டுக்கும் ரத்தத்துக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நானோ கேப்ஸ்யூல் வருகிறது. நோக்கம் சரியானது. செய்முறையைப் பார்ப்போம்.

கேப்ஸ்யூல் என்றால் நடுவில் எண்ணெய்த்துளி, சுற்றிலும் மெல்லிய பாலிமர் சுவர். 1980-களின் இறுதியில் பிரான்சில் உருவான முறையைத்தான் இன்றும் பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 25 மி.லி. அசிட்டோனில் 125 மி.கி. பாலிகேப்ரோலேக்டோன் என்ற பாலிமர், 100 மி.கி. சோயா லெசிதின், அரை மி.லி. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பெண்ணெய், சில மில்லிகிராம் குர்குமின் ஆகியவற்றைக் கரைக்க வேண்டும். அந்த எண்ணெய் தேங்காய், பனைக்கருவெண்ணெய்களிலிருந்து பிரித்துச் செய்வது. மிக்லியால் என்ற பெயரில் விற்கிறது. பாலிமர் குளிர்ந்த அசிட்டோனில் சோம்பலாகக் கரையும், 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் தெளியும். இன்னொரு பாத்திரத்தில் 50 மி.லி. தண்ணீரில் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் போலாக்சமர் 188 என்ற பொருள் 100 மி.கி. குர்குமின் காரத்தில் சிதையும் என்பதால் தண்ணீர் சற்று அமிலப் பக்கம் இருப்பது நல்லது. காந்தக் கலக்கி சுழன்றுகொண்டிருக்க, அசிட்டோன் கரைசலை ஊசி வழியாகச் சீராக உள்ளே விட வேண்டும். அசிட்டோன் நொடியில் தண்ணீருக்குள் ஓடிவிடும். தண்ணீரை வெறுக்கும் எண்ணெய் நுண்துளிகளாகும். இரண்டிலும் சேராத பாலிமர் துளியின் விளிம்பில் படியும். கலவை மஞ்சள் பால்போல் ஆகிவிடும். பத்து நிமிடம் கழித்து வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியைத் தாண்டாமல் அசிட்டோனையும் தண்ணீரின் பெரும்பகுதியையும் இழுத்து 10 மி.லி.க்குக் கொண்டுவர வேண்டும். வெற்றிடத்தை ஒரே மூச்சில் ஏற்றினால் லெசிதினும் போலாக்சமரும் நுரைத்து எல்லாம் மேலே ஏறிவிடும். இத்தனையும் வெளிச்சம் படாமல், பழுப்புக் கண்ணாடியில் செய்ய வேண்டும்.

இப்படிக் கிடைப்பவை பொதுவாக 150 முதல் 300 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. இத்தனை எளிது என்பதால்தான் இத்தனை கட்டுரைகள் வருகின்றன.

எங்கே தவறுகிறது? முதல் இடம், எண்ணெயின் கொள்ளளவு. குர்குமின் 'எண்ணெயில் கரையும்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அறை வெப்பத்தில் இந்த எண்ணெய் ஒரு மி.லி.க்குச் சில மில்லிகிராமைத்தான் தாங்கும். அரை மி.லி. எண்ணெய்க்கு 20 மி.கி. குர்குமினைப் போட்டால், அசிட்டோன் இருக்கும்வரை எல்லாம் தெளிவாகத் தெரியும். அசிட்டோன் போனதும் மிச்சம் படிகமாக வெளியே வந்து, கேப்ஸ்யூல்களோடு கலந்து மிதக்கும். சில நேரம் அதே நாளில் அடியில் ஆரஞ்சு நிறப் படிவு தெரியும். சில நேரம் ஒரு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பிறகுதான் தெரியும்.

இந்தப் படிகங்கள்தாம் 'அடைப்புத் திறன் 98 சதவீதம்' (போட்ட மருந்தில் உள்ளே அடைந்த பங்கு) என்ற பெருமைக்குப் பல இடங்களில் காரணம். வழக்கமான அளவீடு இதுதான்: கேப்ஸ்யூல் கலவையை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டிக் குப்பியில் போட்டுச் சுழற்றி, கீழே சொட்டும் தெளிநீரில் உள்ள மருந்தை அளந்து, மொத்தத்திலிருந்து கழிக்கிறார்கள். படிகமும் அந்த வடிகட்டியைத் தாண்டாது. ஆகவே வெளியே கிடக்கும் படிகம் 'உள்ளே அடைந்த' கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தண்ணீரிலேயே கரையாத மருந்துக்கு இந்த முறையில் 98 வராமல் போனால்தான் ஆச்சரியம். முதலில் 0.45 அல்லது 1.2 மைக்ரான் வடிகட்டியால் படிகங்களை நீக்கி, அதற்குப் பிறகு கரைசலில் எஞ்சிய மொத்த மருந்தையும் அளந்து, போட்ட அளவோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இரண்டாம் இடம், அது கேப்ஸ்யூல்தானா என்பது. பாலிமர் குறைவாக இருந்தால் சுவரே உருவாகாது, வெறும் எண்ணெய்ப் பால்மம்தான். கூடிப்போனால் மிச்சப் பாலிமர் எண்ணெய் இல்லாத திடக் குண்டுகளாகத் தனியே உருளும். ஒளிச்சிதறல் கருவிக்கு மூன்றுக்கும் வேறுபாடு தெரியாது. எல்லாவற்றுக்கும் '200 நானோமீட்டர்' என்றே காட்டும். அடர்த்திதான் காட்டிக்கொடுக்கும். இந்த எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.95, பாலிகேப்ரோலேக்டோன் 1.14. அடர்த்தி படிப்படியாகக் கூடும் கரைசலின்மேல் விட்டு அதிவேகத்தில் சுழற்றினால் பால்மம் மேலேயும், திடக்குண்டு கீழேயும், கேப்ஸ்யூல் இடையில் தனிப் பட்டையாகவும் நிற்கும். இந்தச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இன்னொன்று: எண்ணெய் மிகுந்த கேப்ஸ்யூல் சுழற்றினால் மேலே ஏடுபோல் திரளவே வாய்ப்பு அதிகம். வழக்கப்படி மேல்நீரைக் கொட்டிவிட்டு அடிப்படிவை எடுத்துச் சோதிக்கும் மாணவர், கேப்ஸ்யூலைச் சாக்கடையில் விட்டுவிட்டுப் படிகத்தைச் சோதித்துக்கொண்டிருக்கக்கூடும்.

மூன்றாவது, மேற்பூச்சு. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்துக் கேப்ஸ்யூலின்மேல் பூசுகிறார்கள். லெசிதினால் எதிர் மின்னூட்டம் பெற்ற கேப்ஸ்யூல், நேர் மின்னூட்டமுள்ள கைட்டோசனை இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு மின்னூட்ட அளவீடு கழித்தல் 30 மில்லிவோல்ட் பக்கமிருந்து கூட்டல் 30 பக்கம் தாவும். நடுவில் பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில் துகள்களை விலக்கிவைக்க எதுவும் இல்லை, எல்லாம் கட்டிதட்டிவிடும். அதனால் கைட்டோசனைச் சொட்டுச் சொட்டாகக் கேப்ஸ்யூலில் விடக் கூடாது. தேவைக்கு மிகுந்த கைட்டோசன் கரைசலுக்குள் கேப்ஸ்யூலை விட்டுக் கலக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு துகளும் பூஜ்யத்தை நொடியில் தாண்டிவிடும். மிஞ்சும் கைட்டோசனை நீக்காவிட்டால் அடுத்த தொல்லை: அதுவே செல் சவ்வைத் துளைக்கும். மருந்தில்லாக் கேப்ஸ்யூலும் புற்றுநோய்ச் செல்லைக் 'கொன்றுவிடும்'.

இனி, நாங்கள் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கணக்கு. மேலே சொன்ன செய்முறையில் எண்ணெய் மி.லி.க்கு 5 மி.கி. குர்குமினைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மி.லி.யில் 2.5 மி.கி. சுற்றியுள்ளவை: பாலிமர் 125, லெசிதின் 100, போலாக்சமர் 100, எண்ணெய் ஏறக்குறைய 470 மி.கி. மொத்தம் கிட்டத்தட்ட 800 மி.கி. அடைப்புத் திறன் 98 சதவீதமே ஆனாலும் மருந்துச் சுமை, அதாவது மொத்த எடையில் மருந்தின் பங்கு, 0.3 சதவீதம்தான். தலைப்புக்குப் போவது முதல் எண், நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது. நோயாளிக்கு 100 மி.கி. குர்குமின் போக வேண்டுமென்றால் இந்தக் கலவையில் 400 மி.லி. ஏற்ற வேண்டும். கூடவே 20 மி.லி. எண்ணெய், 4 கிராம் லெசிதின், 4 கிராம் போலாக்சமர், 5 கிராம் பாலிமர் போகும். எண்ணெயைப் பற்றிப் பயமில்லை. சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு 20 சதவீதக் கொழுப்புப் பால்மத்தை நூற்றுக்கணக்கான மி.லி. ஏற்றுவது மருத்துவமனைகளில் அன்றாட வழக்கம். பாலிமர்தான் உறுத்தல். பாலிகேப்ரோலேக்டோன் உடலில் மிக மெதுவாகச் சிதையும். உடலுக்குள் பொருத்தும் துண்டாக இருந்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் எடுக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 5 கிராம் என்றால் அது எங்கே போய்ச் சேரும்? ஈரலுக்கும் மண்ணீரலுக்கும்தான்.

இன்னும் நுணுகிப் பார்க்க விரும்புவோருக்கு: 200 நானோமீட்டர் கேப்ஸ்யூலில் சுவர் 10 நானோமீட்டர் என்றால் கன அளவில் 73 சதவீதம் எண்ணெய். அதில் அடங்கும் குர்குமின் மூலக்கூறுகள் ஏறக்குறைய 25,000. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும். எடையில் ஒரு கிராமின் கோடானுகோடியில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்தது 'மெல்ல மெல்ல வெளியேறுகிறது' என்ற வாசகம். கேப்ஸ்யூலை நுண்துளைச் சவ்வாலான டயாலிசிஸ் பையில் போட்டு, உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, 48 மணி நேரத்தில் 30 சதவீதம் வெளிவந்தது என்று வரைபடம் போடுவார்கள். குர்குமின் உப்புக்கரைசலில் கரையவே கரையாது. அங்கே அது மெல்ல வருவது சுவரின் சாமர்த்தியத்தால் நடப்பதாகச் சொல்ல முடியாது, வெளியே போக இடமில்லை என்பதே காரணமாக இருக்கலாம். வந்த கொஞ்சமும் காரநிலையில் சிதைந்திருக்கும், அதனால் கருவி குறைவாகக் காட்டும். ரத்தத்தில் நிலைமை தலைகீழ். அல்புமினும் கொழுப்புப் புரதங்களும் எண்ணெய் விரும்பும் மூலக்கூறுகளை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கின்றன. எண்ணெய் நடுவிலுள்ள கேப்ஸ்யூலில் மருந்து எங்கே தங்குவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எண்ணெய்க்கும் சுற்றியுள்ள திரவத்துக்கும் இடையிலான பங்கீடுதான். சில நானோமீட்டர் சுவருக்கு அதில் பங்கு சிறிது. அறுவை அரங்கில் வெள்ளையாக ஏற்றும் புரோபோஃபால் மயக்க மருந்து 10 சதவீதச் சோயா எண்ணெய்ப் பால்மத்தில்தான் வருகிறது. நரம்பில் ஏறிய ஒரு நிமிடத்துக்குள் நோயாளி தூங்கிவிடுகிறார் என்றால் மருந்து எண்ணெயை விட்டு எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது பாருங்கள். மயக்க மருந்துக்கு அது வரம். கட்டி வரைக்கும் மருந்தைக் கொண்டுசெல்ல வேண்டிய கேப்ஸ்யூலுக்கு அது தோல்வி. ஆகவே வெளியேற்றச் சோதனையை மனித பிளாஸ்மாவிலோ, குறைந்தது 4 சதவீத அல்புமின் கரைசலிலோ செய்து, முதல் ஒரு மணி நேர எண்ணைத் தர வேண்டும்.

செல் சோதனைக்கு வருவோம். பெரும்பாலும் எம்.டி.டி. முறை: உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும், அந்த நிறத்தை 570 நானோமீட்டரில் அளப்பார்கள். குர்குமினே நிறமுள்ளது, ஒளிரக்கூடியது, செல் இல்லாமலும் அந்தச் சாயத்தோடு வினைபுரியக்கூடியது. எண்ணெய்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து அளவீட்டை இன்னும் குழப்பும். சோதனைக்கு முன் செல்களை நன்றாகக் கழுவ வேண்டும். செல் இல்லாத கிண்ணத்திலும் அதே கேப்ஸ்யூலைப் போட்டுப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சம் ஒருமுறை செல்களை நேரடியாக எண்ணிப் பார்க்க வேண்டும். குர்குமின் பலவகை ஆய்வகச் சோதனைகளை ஏமாற்றும் மூலக்கூறு என்று 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் ஒரு நீண்ட மதிப்பாய்வில் எச்சரித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், மருந்தில்லாப் போலி மாத்திரையோடு, எது யாருக்கு என்பதை நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் மறைத்து ஒப்பிட்ட எதிலும் அது தேறவில்லை என்பது அன்று அவர்கள் சொன்னது.

ஒப்பீட்டில்தான் பெரிய ஓட்டை. கேப்ஸ்யூலை 'வெறும் குர்குமினோடு' ஒப்பிட்டோம் என்பார்கள். அந்த வெறும் குர்குமினைத் தண்ணீரில் தூவினார்களா, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தார்களா? தண்ணீரில் தூவினால் அது கரையவே இல்லை. அதோடு ஒப்பிட்டால் எந்தக் கேப்ஸ்யூலும் ஜெயிக்கும். மருந்தில்லாக் கேப்ஸ்யூலை அதே செறிவில் வைத்துப் பார்த்தது உண்டா? மருந்தையும் வெற்றுக் கேப்ஸ்யூலையும் தனித்தனியே போட்டுக் கலந்தால் என்ன ஆகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை மிக அரிதாகவே கிடைக்கிறது.

செல்லுக்குள் கேப்ஸ்யூல் நுழைந்ததற்குச் சான்றாக ஒளிரும் படம் போடுவார்கள்; நாளிதழிலும் அதுதான் அழகாக வரும். கேப்ஸ்யூலில் கலந்த நைல் ரெட் போன்ற சாயம் எண்ணெய் விரும்பி. கேப்ஸ்யூல் உள்ளே போகாமலே, சவ்வை உரசினால் போதும், சாயம் மட்டும் செல்லுக்குள் கசிந்துவிடும். சாயத்தைப் பாலிமரோடு வேதிப்பிணைப்பில் கட்டியிருந்தால் அந்தப் படத்தை நம்பலாம். மிதக்கும் தன்மையையும் மறக்கக் கூடாது: செல்கள் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும், எண்ணெய் மிகுந்த கேப்ஸ்யூல் மேலே ஏற முயலும். மி.லி.க்கு இவ்வளவு என்று எழுதும் செறிவுக்கும் செல்லைத் தொடும் அளவுக்கும் சம்பந்தம் குறைவு.

உடலுக்குள் போனபின் நடப்பது இன்னொரு உலகம். கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையானவை, நானோ துகள் அங்கே தேங்கும் என்று ஜப்பானின் மட்சுமுராவும் மயேதாவும் 1986-ல் காட்டினார்கள். எலிகளில் ஒட்டவைத்த, வேகமாக வளரும் கட்டிகளில் அது நன்றாகத் தெரியும். மனிதரில் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறும். பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வெளியான கணக்கின்படி ஊசியில் போட்ட நானோ துகளில் கட்டியைச் சேர்வது நடுமதிப்பாக 0.7 சதவீதம், பெரும்பாலும் எலிக் கணக்கு. பூச்சில்லாத கேப்ஸ்யூலை ரத்தப் புரதங்கள் மூடிக்கொள்ள, ஈரலின் குப்ஃபர் செல்கள் நிமிடங்களில் விழுங்கிவிடும். நேர் மின்னூட்டக் கைட்டோசன் பூச்சு இதைக் கெடுக்கும், காக்காது. பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு நேரம் வாங்கித் தரும். ஆனால் சிலருக்கு அதற்கே எதிர்ப்பொருள் உருவாகி, இரண்டாம் தவணை முதல் தவணையைவிட விரைவாக மறைந்துவிடும்.

உற்பத்தி பற்றிச் சுருக்கமாக. 200 நானோமீட்டர் கேப்ஸ்யூலை 0.22 மைக்ரான் கிருமி வடிகட்டி வழியே தள்ளினால் அடைத்துக்கொள்ளும். 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால், 60 டிகிரியில் உருகும் பாலிகேப்ரோலேக்டோன் என்ன ஆகும்? ஆகவே தொடக்கம் முதல் கிருமியற்ற அறையில் செய்ய வேண்டும், செலவு எங்கோ போகும். அசிட்டோன் எச்சம் 5,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) வரை அனுமதி, சிலர் எளிதென்று எடுக்கும் டைகுளோரோமீத்தேனுக்கு 600, குளோரோஃபார்முக்கு 60 மட்டுமே. உலர்த்தி வைக்க ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரை 5 முதல் 10 சதவீதம் சேர்க்காவிட்டால் பனிப்படிகம் சுவரை உடைத்து எண்ணெய் கசியும்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். எண்ணெயும் ஆமணக்குச் சரக்கும் இல்லாமல் பேக்லிடாக்சலை அல்புமினோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கிய அப்ராக்சேன் 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சதுர மீட்டருக்கு 260 மி.கி.யை அரை மணி நேரத்தில் ஏற்ற முடிந்தது. பரவிய மார்பகப் புற்றுநோயில் 33 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, பழைய வடிவத்தில் அது 19. தென்கொரியாவில் பாலிமர் மைசெல் (பாலிமர் மூலக்கூறுகள் தாமே திரளும் நுண்ணுருண்டை) வடிவிலான ஜெனெக்சால்-பி.எம். 2007-லிருந்து இருக்கிறது. இவை தேறியது பெரிதும் தீங்கான கரைப்பானை விலக்கியதாலும் அளவைக் கூட்ட முடிந்ததாலும். குறிபார்த்துத் தாக்கும் என்று பேர்வாங்கிய பாலிமர் துகள் பிண்ட்-014 மனிதச் சோதனை வரை போயும், அதை உருவாக்கிய நிறுவனம் 2016-ல் திவால் மனு போட்டது. எங்கள் கணிப்பில், எண்ணெய் விரும்பும் புற்றுநோய் மருந்துகளுக்கு நானோ வடிவம் தொடர்ந்து பயன்படும். குர்குமின் அந்த வரிசையில் முன்னால் நிற்கும் என்று தோன்றவில்லை.

ரத்தத்தில் நேரே ஏற்றும் விபரீதத்துக்கும் முன்னுதாரணம் உண்டு. 2017-ல் கலிஃபோர்னியாவில் தோல் எக்ஸிமாவுக்காகக் குர்குமின் பால்மத்தை நரம்பில் ஏற்றிக்கொண்ட முப்பது வயதுப் பெண் இதயம் நின்று இறந்தார். அந்தக் கலவையிலும் ஆமணக்கெண்ணெய் வழிவந்த கரைப்பான் இருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சுட்டிக்காட்டியது. வாய்வழி மாத்திரையும் ஆபத்தில்லாதது என்று சொல்லிவிட முடியாது. உறிஞ்சலைக் கூட்ட மிளகின் பைப்பரின் சேர்த்த குர்குமின் மாத்திரைகளோடு தொடர்புடைய ஈரல் அழற்சி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் எடுப்பவர்களுக்கு இந்தக் கூட்டைக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில், உடலில் வேலைசெய்யும் வடிவமான எண்டாக்சிஃபெனின் அளவு ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்தது. சமையல் மஞ்சளை இதோடு குழப்ப வேண்டியதில்லை. அதில் குர்குமின் 2 முதல் 5 சதவீதம்தான், குழம்பில் போடுவது அரை தேக்கரண்டி. சிகிச்சையில் இருப்பவர் எந்த 'நானோ' மாத்திரையையும் புற்றுநோய் மருத்துவரிடம் அதன் லேபிளைக் காட்டிக் கேட்ட பிறகே தொட வேண்டும்.

இந்தியாவில் விதிகளுக்குக் குறைவில்லை. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் 2019-ன்படி புதுவகையில் மருந்தைக் கொண்டுசேர்க்கும் வடிவம் எதுவும் 'புதிய மருந்து'தான். உள்ளிருக்கும் பொருள் ஆயிரம் ஆண்டாக அடுக்களையில் இருந்தாலும் சரி. அதே ஆண்டு நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்களும் மத்திய அரசிடமிருந்து வந்தன. மனிதச் சோதனை என்றால் முதல் ஆளைச் சேர்க்குமுன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் வாங்கியிருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் அது கட்டாயம். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒரு செய்தியாளர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

ஆகவே உங்கள் செய்தியாளர்களிடம் எங்கள் வேண்டுகோள்: தலைப்பிலேயே 'தட்டில்', 'எலியில்', 'மனிதரில்' என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கட்டும். ஆய்வாளரிடம் மருந்துச் சுமை எத்தனை சதவீதம், பிளாஸ்மாவில் முதல் மணி நேரத்தில் எவ்வளவு கசிந்தது, வெற்றுக் கேப்ஸ்யூல் எத்தனை செல்லைக் கொன்றது என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விகளால் மகிழ்ச்சியடைவார், ஏனென்றால் அவர் ஏற்கெனவே அளந்து வைத்திருப்பார்.

விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வார்த்தை. 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய் இருக்கிறது. அதைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று தோன்றும்படி எந்த மருந்தையும் விளம்பரம் செய்ய முடியாது. தடை அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் பங்குகொள்ளும் எவருக்கும் உண்டு, முதல் முறையே ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. செய்திப் பக்கத்தில் 'நானோ மஞ்சள்' கட்டுரை வந்த வாரத்தில் உள்பக்கத்தில் 'நானோ குர்குமின்' விளம்பரமும் வந்தால், இரண்டையும் ஒரே கண்ணால்தான் வாசகர் படிப்பார்.

இப்படிக்கு,
மருந்தாக்கவியல் ஆசிரியர்கள் இருவர்,
சென்னை